சமையல் புத்தகத்தைப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோகும் மாதிரிக் கோப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் நூல்களைச் செம்மைப்படுத்திக் கொடுப்பது என் வேலை. பதிப்பகத்துக்கு வரும் கோப்புகளை முதலில் பிரித்துப் படிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. கைப்பக்குவம் நிறைந்தவர்கள், ஊர்ச் சமையலை விரல்நுனியில் வைத்திருக்கிறவர்கள் பலர் அனுப்பும் கோப்பில் அந்தப் பக்குவம் மட்டும் இருக்காது. அலங்காரம் இருக்கும், படங்கள் இருக்கும், குறிப்பைப் படித்தால் சமைக்க வராது. அது திரும்பிப் போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் திருநெல்வேலிக்காரி என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

மாதிரிக் கோப்பு என்றால் என்ன? கையெழுத்துப் பிரதியும் அதுவும் ஒன்றா?

இல்லை. கையெழுத்துப் பிரதி என்பது முழு நூல். மாதிரிக் கோப்பு, சிலர் போர்ட்ஃபோலியோ என்பார்கள், அந்த நூல் எப்படி இருக்கப்போகிறது என்று காட்டும் 25, 30 பக்கங்கள். பதிப்பாசிரியர் ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும். ஒரு பக்கக் கடிதம், நூலைப் பற்றி ஒரு பக்கம், உத்தேசப் பொருளடக்கம், முழுமையாக எழுதிய ஐந்தாறு குறிப்புகள், பத்துக்கு மிகாமல் படங்கள், உங்களைப் பற்றி அரைப் பக்கம். இவ்வளவு போதும்.

முழு நூலையும் எழுதி முடித்த பிறகுதான் அனுப்ப வேண்டுமா?

தமிழ்ப் பதிப்பகங்களில் பலவும் கோப்பு பிடித்துப்போனால் உடனே "முழுசா இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நூலில் பாதியாவது சமைத்துப் பார்த்து எழுதிய நிலையில் இருக்கட்டும். ஐந்து குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "120 குறிப்புகள்" என்று எழுதினால், ஒப்பந்தம் வந்த பிறகு மூன்று மாதத்தில் 115 குறிப்புகளை அரக்கப்பரக்க எழுத வேண்டிவரும். அவசரம் குறிப்பில் அப்படியே தெரியும். உப்பு எப்போது சேர்ப்பது என்றே இல்லாத குறிப்புகள் அப்படிப் பிறந்தவைதான்.

கோப்பில் எந்தக் குறிப்புகளை வைப்பது?

உங்களுக்கு நன்றாக வருகிற ஆறையும் எடுத்து வைத்துவிடாதீர்கள். ஆறும் குழம்பாகவே இருக்கும். நான் சொல்வது இதுதான். எல்லோர் வீட்டிலும் செய்கிற ஒன்று இருக்கட்டும், ரசமோ தேங்காய்ச் சட்னியோ. தெரிந்த பண்டத்தை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் உங்களை எடைபோடுவார். அப்புறம் உங்கள் ஊருக்கோ குடும்பத்துக்கோ மட்டுமே உரிய ஒன்று, எங்கள் பக்கம் என்றால் சொதி (தேங்காய்ப்பாலில் காய் போட்டுச் செய்யும் குழம்பு), உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு. பக்குவம் தவறினால் கெட்டுப்போகிற ஒன்று கட்டாயம் வேண்டும். அதிரசப் பாகு மாதிரி. பொடியோ துவையலோ ஒன்று. இனிப்பு ஒன்று.

பக்குவம் தவறக்கூடிய பண்டத்தைக் கண்டு பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பாகுப் பதத்தைப் படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியும்படி எழுதுகிறவரால் மற்றதையும் எழுத முடியும் என்று நம்பலாம்.

குறிப்பை எப்படி எழுதினால் நன்றாக இருக்கும்?

கோப்பில் பளபளப்பு வேண்டியது இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் அனுப்பிய சொதிக் குறிப்பின் கடைசி வரி இப்படி இருந்தது: "காய் வெந்ததும் தேங்காய்ப்பால், எலுமிச்சைச்சாறு சேர்த்துக் கொதிக்கவிட்டு இறக்கவும்." எழுதியவர் வீட்டில் சொதி அருமையாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கை தானாகச் செய்கிற வேலை எதுவும் அந்த வரியில் இல்லை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, சொதியைச் சாப்பிட்டே இராத ஒரு பெண்ணிடம் அந்தத் தாளைக் கொடுத்துச் செய்யச் சொன்னோம். அவள் எழுதியபடியே செய்தாள். பால் திரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நின்றது. அவள் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். தவறு தாளில் இருந்தது.

திருத்திய வடிவம் இது:

"ஒரு பெரிய தேங்காயைத் துருவி, முக்கால் கப் வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்து, முதல் பால் ஒரு கப் எடுத்துத் தனியே வைக்கவும். அதே சக்கையில் இன்னும் இரண்டு கப் தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம் பால் எடுக்கவும். இரண்டாம் பாலில் காய்களை வேகவிடவும். இது கொதிக்கலாம். காய் வெந்ததும் குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் உப்பும் சேர்த்து ஒரு கொதி விடவும். அடுப்பை மிகவும் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்கவும். ஓரத்தில் சிறு நுரை கட்டத் தொடங்கியதும் அடுப்பை அணைக்கவும். கொதி வந்தால் பால் திரிந்துவிடும். ஐந்து நிமிடம் ஆறிய பிறகு எலுமிச்சைச்சாறு சேர்க்கவும்."

நீளம் கூடியிருக்கிறது, பரவாயில்லை. எது கொதிக்கலாம், எது கொதிக்கக் கூடாது, எதைப் பார்த்ததும் அணைக்க வேண்டும் என்பது மூன்றும் வந்துவிட்டன. நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. "ஏழு நிமிடம்" என்பது உங்கள் அடுப்பின் கணக்கு. "பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை, சுமார் ஏழு நிமிடம்" என்றால் எந்த அடுப்புக்கும் பொருந்தும்.

பொருள் பட்டியலைப் பயன்படுத்தும் வரிசையிலேயே எழுதுங்கள். பட்டியலில் இருப்பது செய்முறையில் வர வேண்டும், செய்முறையில் வருவது பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். பெருங்காயமும் கறிவேப்பிலையும்தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். எத்தனை பேருக்கு என்பதை மேலேயே போடுங்கள். முந்தின நாள் ஊறவைக்க வேண்டியது இருந்தால் அதையும் மேலேயே சொல்லிவிடுங்கள். நான்காம் படியில் வந்து "எட்டு மணி நேரம் ஊறவைத்த உளுந்தை" என்றால், அடுப்படியில் நிற்கிறவர் என்ன செய்வார்?

ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் நான்கைந்து வரியில் அந்தப் பண்டத்தைப் பற்றி எழுதுங்கள். "சுவையானது, சத்தானது" என்பதெல்லாம் வேண்டாம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து உண்டு, கூடவே இஞ்சித் துவையல் கட்டாயம் வைப்பார்கள். தேங்காய்ப்பாலின் மந்தத்துக்கு இஞ்சி என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்படி ஒரு செய்தி வந்தால், அந்தப் பக்கத்தைச் சமைக்காதவரும் படிப்பார்.

அளவுகளைக் கிராமில் கொடுப்பதா, கப்பிலா, கைப்பிடியிலா?

கப்பும் கிராமும் சேர்த்துக் கொடுங்கள். எந்தக் கப் என்பதை நூலின் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். கடைகளில் 240 மி.லி. கப் கிடைக்கிறது, 200 மி.லி. டம்ளரைக் கப் என்று சொல்கிற வீடுகளும் உண்டு. இரண்டும் கலந்தால் இட்லி மாவே மாறிப்போகும். தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி. என்பதையும் அதே பக்கத்தில் போட்டுவிடலாம்.

"எலுமிச்சை அளவு புளி", "நெல்லிக்காய் அளவு வெல்லம்" என்பதை நான் வெட்டச் சொல்ல மாட்டேன். அது நம் சமையலின் மொழி. அதற்குப் பக்கத்தில் எடையையும் எழுதுங்கள். ஒருமுறை எங்கள் வீட்டில் மூன்று பேர் தனித்தனியாக எலுமிச்சை அளவு புளி உருட்டினோம். அடுப்படித் தராசில் வைத்தபோது மூன்றும் மூன்று எடை. பெரியது சிறியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய புளியா புதுப் புளியா என்பது வேறு கணக்கு. ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, நீங்கள் உருட்டும் உருண்டையை எடைபோட்டு எழுதிவிடுங்கள்.

ஆழாக்கு, உழக்கு, படி இவற்றுக்கும் இதே யோசனைதான். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று பெரியவர்களுக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவும் மாறும். உங்கள் வீட்டு ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி, மி.லி. அளந்து எழுதுங்கள்.

வேறு யாராவது சமைத்துப் பார்த்திருக்க வேண்டுமா?

வேண்டும். கோப்பில் வைக்கும் குறிப்பு ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேர், நீங்கள் பக்கத்தில் இல்லாமல், தாளை மட்டும் பார்த்துச் செய்திருக்க வேண்டும். ஒருவர் நன்றாகச் சமைப்பவர், இன்னொருவர் இப்போதுதான் பழகுகிறவர் என்றால் நல்லது. போனில் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்ட கேள்வியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

கடிதத்தில் ஒரு வரியில் சொன்னால் போதும்: "இந்த ஆறு குறிப்புகளையும் மூன்று வீடுகளில் சமைத்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறோம்." நான் படித்த கடிதங்களில் இந்த வரியைப் பார்த்தது மிகக் குறைவு. பார்த்தால் அந்தக் கோப்பைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன்.

தொழில்முறைப் புகைப்படக்காரர் வைத்துப் படம் எடுக்க வேண்டுமா?

மாதிரிக் கோப்புக்குத் தேவையில்லை. பதிப்பகம் எடுத்துக்கொண்டால் வண்ணப் பக்கங்கள் எத்தனை, படம் யார் எடுப்பது என்பதெல்லாம் அவர்கள் செலவுக் கணக்கைப் பொறுத்தது. பல தமிழ்ச் சமையல் நூல்கள் மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாளில் கறுப்பு வெள்ளையில்தான் வருகின்றன, நடுவில் எட்டோ பதினாறோ பக்கம் ஆர்ட் பேப்பரில் வண்ணம். 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இன்றும் வீடுகளில் இருக்கிறது. அது படத்துக்காக வாங்கப்பட்ட புத்தகம் இல்லை. நகைக் கடன் வாங்கிப் படம் எடுக்கிறேன் என்று ஒரு அக்கா சொன்னபோது நான் வேண்டாம் என்று கெஞ்சினேன்.

போனிலேயே எடுங்கள். காலை வேளையில், வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், பக்கவாட்டில் வெளிச்சம். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள்; இரண்டு வெளிச்சம் கலந்தால் சாம்பார் பச்சையடிக்கும். ஃபில்டர் போட வேண்டாம். வாழை இலை, வெண்கல உருளி, மண்சட்டி எல்லாம் வீட்டில் புழங்குவதாக இருந்தால் வையுங்கள், படத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். குறிப்பில் இல்லாத கொத்தமல்லியைப் படத்தில் தூவாதீர்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். நான் அதைப் பார்த்தால், வேறு எதெல்லாம் குறிப்புக்கு மாறாக இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

கடைசித் தட்டை மட்டுமே எடுக்காமல், பக்குவத்தைக் காட்டும் படம் ஒன்றிரண்டு சேருங்கள். சொதியின் ஓரத்தில் நுரை கட்டும் அந்த நிலை, தண்ணீரில் விட்ட பாகு உருண்டு நிற்பது, எள் பொரிந்து நிறம் மாறும் கணம். இவைதான் ஆசிரியருக்கு நூலைக் காட்டும்.

படத்தின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும்?

அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம் உள்ள ஒரு முழுப் பக்கப் படத்துக்கு 2400-க்கு 3000 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் தாராளமாகக் கொடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால்தான் ஆபத்து, சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள்.

தாளில் கொடுப்பதா, பி.டி.எஃப். அனுப்புவதா? எப்படிப்பட்ட ஃபைல் வாங்குவது?

முதலில் அந்தப் பதிப்பகம் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால் ஒரே பி.டி.எஃப்., 10 எம்.பி.க்குள். குறிப்புகளைத் தனியே வேர்டு கோப்பாகவும் இணையுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பழைய எழுத்துருக்களில் அடித்து அனுப்பினால் அவர்கள் கணினியில் எழுத்து சிதைந்து தெரியலாம். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் நூலின் பெயரும் இருக்க வேண்டும். "புதுசு ஃபைனல் 3" என்ற பெயரில் வந்த கோப்பை நான் மறுபடி தேடிக் கண்டுபிடிக்கப் பாதி நாள் ஆனது.

நேரில் போகிறீர்கள் என்றால், ஏ4 அளவில், கெட்டி அட்டை, உள்ளே இருபது பிளாஸ்டிக் உறைகள் கொண்ட டிஸ்ப்ளே ஃபைல் ஒன்று ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். கறுப்போ கருநீலமோ எடுங்கள். பளபளக்காத உறையாகப் பாருங்கள்; அலுவலக விளக்கு பட்டால் மினுங்கி, படமே தெரியாது. படங்களையும் ஸ்டுடியோவில் மேட் தாளில் பிரிண்ட் போடுங்கள்.

இந்த உறைகளுக்குள் படங்களும் பொருளடக்கமும் மட்டும் இருக்கட்டும். குறிப்புகளை உறைக்குள் போடாதீர்கள். ஆசிரியர் பென்சிலால் கோடு போட, ஓரத்தில் எழுத ஆசைப்படுவார். அதைத் தனியே ஸ்பைரல் பைண்டிங் செய்து, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, வரிக்கு வரி இடம் விட்டுக் கொடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கல்யாண ஆல்பம் போன்ற கனத்த கோப்பும் வேண்டாம், மேசையில் வைக்க இடம் இருக்காது. பக்க எண்ணும் உங்கள் கைபேசி எண்ணும் எல்லாத் தாளிலும் இருக்கட்டும். தாள்கள் சிதறும்.

பாட்டியின் கையெழுத்து நோட்டைக் கொண்டுபோய்க் காட்டலாமா?

நகலைக் காட்டுங்கள். மூலத்தை வீட்டை விட்டு எடுக்காதீர்கள்.

என் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி, இடையிடையே அம்மாவே தன் கையால் சேர்த்து எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. பல வருஷங்களுக்கு முன்பு அதை அப்படியே ஒரு பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் அலுவலகத்தை மாற்றினார்கள், நோட்டு காணாமல் போனது. எத்தனை முறை போய்த் தேடியிருப்பேன். குறிப்புகள் பெரும்பாலானவை எனக்கு மனப்பாடம், திரும்ப எழுதிவிட்டேன். உளுந்தங்களிக்குக் கருப்பட்டிப் பாகு எந்தப் பதம் என்று அம்மா ஓரத்தில் எழுதியிருந்த இரண்டு வரி மட்டும் எனக்கு நினைவில்லை. கேட்பதற்கு அம்மாவும் இல்லை.

எல்லாப் பக்கத்தையும் போனில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, நல்ல ஒரு பக்கத்தின் வண்ண நகலைக் கோப்பில் வையுங்கள். எண்ணெய்க் கறையோடு இருந்தால் இன்னும் நல்லது.

கடிதத்தில் என்ன எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யாருக்கான நூல், எதைப் பற்றியது, எத்தனை குறிப்பு, இதை எழுத உங்களுக்கு என்ன தகுதி. உதாரணத்துக்கு:

"ஐயா, வணக்கம். திருநெல்வேலி, தென்காசிப் பகுதிச் சைவ வீடுகளின் அன்றாடச் சமையலைப் பற்றி ஒரு நூல் எழுதிவருகிறேன். மொத்தம் 110 குறிப்புகள். 70 எழுதி, சமைத்துப் பார்த்து முடித்துவிட்டேன். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஊர்ச் சாப்பாட்டைத் தாங்களே செய்ய நினைக்கும் இளம் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். டெம்மி அளவில் சுமார் 160 பக்கம் வரும். மாதிரிக்கு ஆறு குறிப்புகள் இணைத்திருக்கிறேன்."

டெம்மி என்பது புத்தகங்களுக்கு வழக்கமான ஓர் அளவு. 160 பக்கம் என்றால் பத்து ஃபாரம். அச்சுக்காரர்கள் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் நீங்கள் சொன்னால் பதிப்பாளர் மனசுக்குள் உடனே செலவைப் போட்டுப் பார்த்துவிடுவார். "உலகத்திலேயே முதல்முறையாக" என்று எழுதாதீர்கள். அதே பொருளில் வந்திருக்கும் நூல்கள் இரண்டைப் படித்துவிட்டு, உங்களுடையதில் கூடுதலாக என்ன இருக்கிறது என்று அடக்கமாக எழுதுங்கள்.

எனக்கு யூடியூப் சேனல் இல்லை. எடுத்துக்கொள்வார்களா?

சேனல் இருந்தால் பதிப்பகத்துக்கு விற்பனையில் ஒரு தைரியம், உண்மைதான். இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். இருபது வருஷம் விசேஷ வீடுகளுக்குச் சமைத்தவரா, பத்திரிகையில் குறிப்பு வந்திருக்கிறதா, ஊர்ப் பெண்களுக்கு ஊறுகாய் போடச் சொல்லிக்கொடுத்தீர்களா? அதுதான் உங்கள் தகுதி. வெட்கப்படாமல் எழுதுங்கள்.

எந்தப் பதிப்பகத்துக்கு, எப்போது அனுப்புவது?

சமையல் நூலே போடாத பதிப்பகத்துக்கு அனுப்பி மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். பபாசி, அதாவது தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம், 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு நாள் போங்கள். பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வரும். அரங்கம் அரங்கமாகச் சமையல் நூல்களை எடுத்துப் புரட்டுங்கள். தாள் எப்படி, எழுத்து எவ்வளவு பெரிது, விலை என்ன, கடைசிப் பதிப்பு எந்த வருஷம். உங்கள் நூல் எந்த அலமாரியில் உட்காரும் என்று அங்கேயே தெரிந்துவிடும். அரங்கில் நிற்பவரிடம் கோப்பை நீட்டாதீர்கள், அவர் பில் போடுகிற அவசரத்தில் இருப்பார். முகவரி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

காட்சிக்குப் புது நூல்கள் கொண்டுவரும் மும்முரம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் அனுப்பினால் நிதானமாகப் படிப்பார்கள்.

என் குறிப்புகளைத் திருடிவிட்டால்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, நீங்கள் எழுதிய உடனேயே அந்த எழுத்து உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை; செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சொதிக்கு என்னென்ன சேரும் என்ற பட்டியல் யாருக்கும் சொந்தமில்லை. அதை நீங்கள் சொல்லும் சொற்கள், முன்னுரை, படம் இவைதான் உங்களுக்குச் சொந்தம். இதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு. வேறொரு நூலிலிருந்து செய்முறையை வரிக்கு வரி எடுத்து எழுதாதீர்கள். யாரிடமாவது கற்றுக்கொண்டது என்றால் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

படங்களிலும் ஒரு விஷயம் உண்டு. நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நீங்கள். அன்புக்காகச் சும்மா எடுத்துக்கொடுத்த தம்பியின் படம் தம்பியுடையது. நூலில் பயன்படுத்தலாம் என்று அவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

ராயல்டி எவ்வளவு கேட்கலாம்? பணம் கட்டச் சொன்னால்?

ராயல்டி என்பது விற்கும் பிரதிக்கு எழுதியவருக்குக் கிடைக்கும் பங்கு. தமிழில் விலையில் 10 சதவீதம் என்பது பரவலான பேச்சு. 200 ரூபாய் நூல் ஆயிரம் பிரதி விற்றால் 20,000 ரூபாய். முதல் புத்தகத்தில் பெரிய பணம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் எழுத்தில் இல்லாத பேச்சுக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் செல்லும் என்கிறது சட்டம். எத்தனை வருஷத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், வீடியோ இவை ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. "எல்லா உரிமைகளும் நிரந்தரமாக" என்ற வரியைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

பணம் கட்டிப் போடுவது தவறில்லை, அது வேறு ஏற்பாடு. அச்சுக்கூலி எவ்வளவு, எத்தனை பிரதி, விற்காத பிரதி யாருக்கு, யார் விற்பது என்று எழுதி வாங்குங்கள்.

ஆங்கிலத்தில் எழுதினால்?

கோப்பின் உள்ளடக்கம் இதேதான். ஆங்கிலப் பதிப்பகங்கள் முழுப் பிரதிக்கு முன்னால் சுருக்கமும் மாதிரி அத்தியாயமும் கேட்பதே வழக்கம். அவர்கள் தளத்தில் விதிமுறை இருக்கும், எழுத்து அளவு வரை அதன்படியே செய்யுங்கள். தமிழ்ப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். சொதி சொதியாகவே இருக்கட்டும், விளக்கம் அடுத்த வரியில் வரட்டும்.

அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. என்ன செய்வது?

ஒரு மின்னஞ்சல் போடுங்கள், மூன்று வரியில், எப்போது எதை அனுப்பினீர்கள் என்று. இன்னும் மூன்று வாரம் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள், முற்பகலில். "வேண்டாம்" என்றால் காரணம் கேட்கலாம், தவறில்லை. நான் என்னால் முடிந்தவரை காரணம் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் "இந்த வருஷம் சமையல் நூல் போதும்" என்பதாகத்தான் இருக்கும். அப்படியானால் கோப்பில் மாற்ற ஒன்றும் இல்லை, அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவதாக இருந்தால் இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் மீதிக் குறிப்புகளைச் சமைத்து எழுதிக்கொண்டிருங்கள். அதிரசத்துக்கு மாவு அரைத்து, ஈரம் காயாமல் சலித்து, பாகு ஊற்றி இரண்டு நாள் வைத்துத்தான் தட்டிப்போட முடியும். ஒரு குறிப்பைச் சரிபார்க்கவே ஒரு வாரம் ஓடிவிடும்.